அப்பாவின் பூட்டும் பொது உளவியல் பாடமும்

கேள்வி: நான் கொங்குப் பகுதியிலுள்ள ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. உளவியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ்வழி, வணிகவியல் பிரிவு. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான். மனிதர்களைப் புரிந்துகொள்ளலாம் என்றுதான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன். வகுப்பிலோ நியூரான், நாய், எலி, பரிசோதனை, புள்ளியியல் என்றே போகிறது. பொது உளவியல் புத்தகத்தை மஞ்சள் மார்க்கரால் கோடிட்டு நான்கு முறை படித்தும் முதல் இன்டர்னலில் 50க்கு 17தான் வந்தது. சித்தப்பா பார்க்கும்போதெல்லாம் 'நான் இப்ப என்ன நினைக்கிறேன், சொல்லு பார்ப்போம்' என்று கேலி செய்கிறார். புத்தகத்தின் கடைசியில் உள்ள மனநோய்கள் பகுதியைப் புரட்டியபோது பாதிக்கு மேல் எனக்கே இருப்பதாகத் தோன்றியது. விசைத்தறிக்கூடத்தில் வேலை பார்க்கும் அப்பா தினமும் இரவில் வாசல் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். 'உங்களுக்கு ஓ.சி.டி. இருக்கிறது' என்று, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநோயின் பெயரைச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் என் முன்னால் பூட்டைத் தொடுவதில்லை. நான் படுத்த பிறகு எழுந்து போய்ப் பார்க்கிறார். பி.காமுக்கு மாறிவிடலாமா? உளவியலைப் பிறகு அஞ்சல்வழியில் படித்துக்கொள்ளலாமா? இந்தப் பட்டத்தை வைத்து ஆலோசகர் ஆக முடியுமா?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

கேள்விக்குறி இட்டு நீங்கள் கேட்டிருப்பவை படிப்பை மாற்றுவது பற்றியும் வேலை பற்றியும்தான். அவற்றுக்கு முன்னால், கேள்வியாக அல்லாமல், அப்பா உங்கள் முன்னால் பூட்டைத் தொடுவதில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தை எழுத வைத்ததே அந்த வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இப்படிச் சட்டென்று ஒரு முடிவுக்கு வந்துவிடுவதைத்தான் உங்கள் பாடத்தின் முதல் யூனிட் எச்சரிக்கிறது என்பதால், என் ஊகத்தை ஊகமாகவே வைத்துக்கொண்டு, நீங்கள் கேட்டவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

பி.காமுக்கு மாறுவதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கணக்குப் பதிவியல் உங்களுக்குப் பிடித்திருந்து, அதற்காக மாறுவதானால் இன்றே துறைத்தலைவரைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். நீங்கள் சொல்லும் காரணங்களோ வேறு: ஒன்று அந்த 17, மற்றொன்று பாடம் எதிர்பார்த்தது போல இல்லாதது. முதலாவது படிக்கும் முறையைச் சேர்ந்தது, இரண்டாவது எதிர்பார்ப்பைச் சேர்ந்தது. இரண்டையும் இந்த செமஸ்டர் முடிவதற்குள் சரிசெய்துகொள்ள இடம் இருக்கிறது. மேலும், பிறகு அஞ்சல்வழியில் படித்துக்கொள்ளலாம் என்ற உங்கள் மாற்றுத் திட்டத்துக்கு இப்போது வழியில்லை. உளவியல் உட்பட, மனநலத்தையும் உடல்நலத்தையும் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலைக் கல்வியாகவோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்தே நிறுத்திவிட்டது. பிற்பாடு உளவியலுக்குத் திரும்ப நினைத்தால் நேரில் வகுப்புக்குப் போய்த்தான் படிக்க வேண்டியிருக்கும். ஒரு இன்டர்னல் மதிப்பெண்ணை வைத்து எடுக்கிற முடிவாக இது இருக்க வேண்டாம்.

இனி எதிர்பார்ப்பு. சித்தப்பா கேட்கும் கேள்வி, 22 ஆண்டுகளாக உளவியல் கற்பிக்கும் என் காதிலும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர், என்ன பாடம் எடுக்கிறீர்கள் என்று விசாரித்து, உளவியல் என்று தெரிந்ததும் கால்மேல் போட்ட காலை இறக்கிவைத்து நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். சித்தப்பாவுக்குச் சொல்ல ஒரு பதில் தருகிறேன்: 'என்னால் சொல்ல முடியாது என்றுதானே நினைக்கிறீர்கள்?' பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். விளையாட்டை விட்டுவிட்டுப் பார்த்தால், முகத்தைப் பார்த்து மனத்தைச் சொல்லும் வித்தையை எந்த உளவியல் துறையும் கற்றுக்கொடுப்பதில்லை. அப்படியொரு வித்தை தன்னிடம் இருப்பதாக ஒருவர் நம்பத் தொடங்குவது எவ்வளவு எளிது என்பதைத்தான் அது முதலில் கற்றுக்கொடுக்கிறது.

நான் முதலாம் ஆண்டு வகுப்பில் ஒரு காரியம் செய்வதுண்டு. முதல் வாரம் மாணவர்களிடம் ஒரு வினாத்தாளை நிரப்பி வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரிட்ட உறையில் ஆளுமை விவரம் என்று ஒரு தாளைக் கொடுப்பேன். பிறர் தங்களை விரும்ப வேண்டும் என்ற ஏக்கம் உண்டு, பயன்படுத்தாத திறமை நிறைய இருக்கிறது, வெளியே கட்டுப்பாடாகத் தெரிந்தாலும் உள்ளே கவலைப்படுபவர் என்று அதில் எழுதியிருக்கும். எவ்வளவு சரியாக இருக்கிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் நான்கும் ஐந்துமாகவே வரும். ஒரு மாணவி கண் கலங்கிவிட்டாள். பிறகு தாள்களைப் பக்கத்து இருக்கையோடு மாற்றிக்கொள்ளச் சொல்வேன். எல்லாத் தாள்களிலும் ஒரே வாசகம். வகுப்பில் ஒரு நிமிடம் சத்தமே இராது. பிறகு சிரிப்பு வரும். சிலருக்குக் கோபமும் வரும். இது என் கண்டுபிடிப்பு அல்ல. பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம்முடைய 39 மாணவர்களிடம் இதைச் செய்து 1949இல் வெளியிட்டார். அவருக்குக் கிடைத்த சராசரி ஐந்துக்கு 4.26. அந்த வாசகங்களில் பெரும்பகுதியை அவர் கடையில் விற்ற ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். கிளி எடுத்துக்கொடுக்கும் சீட்டு ஏன் எப்போதும் நமக்கென்றே எழுதியது போல இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. இணையத்தில் 'நீங்கள் எந்த வகை மனிதர்' என்று கேட்கும் சோதனைகளையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

நாயும் எலியும் பாடத்தில் இருப்பதற்குக் காரணமும் இதுதான். மனிதரைப் பற்றி நமக்கு ஏற்கெனவே ஆயிரம் கருத்துகள் உண்டு. பாட்டியிடம் ஒன்று, பழமொழியில் ஒன்று, திரைப்படத்தில் ஒன்று. எலியைப் பற்றி யாருக்கும் கருத்து இல்லாததால், அது எத்தனை முறை நெம்புகோலை அழுத்தியது என்று எண்ண மட்டுமே முடிகிறது. இவான் பாவ்லோவ் உளவியலாளரே அல்ல; செரிமானத்தை ஆராய்ந்த உடலியலாளர், அந்த ஆய்வுக்காகவே 1904இல் நோபல் பரிசு பெற்றவர். உணவு வாயில் விழுவதற்கு முன்பே நாய்க்கு உமிழ்நீர் ஊறியது அவருடைய அளவீட்டுக்கு இடைஞ்சலாக இருந்தது. அந்த இடைஞ்சலையே அவர் ஆராயப் புகுந்ததால்தான் கற்றல் பற்றிய உங்கள் மூன்றாம் யூனிட்டோ நான்காம் யூனிட்டோ உண்டாயிற்று. முதல் உளவியல் ஆய்வகம், வில்ஹெல்ம் வுண்ட், லைப்சிக் நகரம், 1879 என்று மனப்பாடம் செய்ய வைப்பார்கள், செய்துவிட்டு நகருங்கள். மனத்தில் நடப்பதையும் கருவி வைத்து அளக்கத் துணியலாம் என்று அந்த ஆய்வகம் காட்டியது என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

பிராக்டிக்கல் வகுப்பில் முல்லர்-லையர் பலகையை இன்னும் தொடவில்லை என்றால் விரைவில் தொடுவீர்கள். பலகையில் இரண்டு கிடைக்கோடுகள் இருக்கும். ஒன்றின் இரு முனைகளிலும் அம்புத்தலை. மற்றொன்றின் முனைகளில் கோடுகள் வெளிப்புறமாக இறகு போல விரிந்திருக்கும். இறகுக்கோட்டை மெல்ல இழுத்து, இரண்டும் சம நீளம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்த வேண்டும். பலகையின் பின்புறம் இருக்கும் அளவுகோலில் பிழை எத்தனை மில்லிமீட்டர் என்று எதிரே அமர்ந்திருக்கும் தோழி பார்த்து ரெக்கார்டு நோட்டில் குறித்துக்கொள்வாள். ஏறக்குறைய எல்லோரும் இறகுக்கோட்டைக் குட்டையாகவே நிறுத்துவார்கள், ஏனெனில் அது உள்ளதைவிட நீளமாகத் தெரிகிறது. அளவைக் காட்டிய பிறகு மீண்டும் செய்யச் சொன்னால், பழகப் பழகப் பிழை சற்றுக் குறையுமே தவிர, கண்ணுக்குத் தெரியும் தோற்றம் மாறாது. இரண்டும் சமம் என்று அறிவுக்குத் தெரியும், கண் ஒப்புக்கொள்ளாது. தெரிந்துகொண்டதாலேயே ஏமாறாமல் இருந்துவிட முடியாது என்பதை இவ்வளவு மலிவாகக் காட்டும் வேறு கருவியை நான் கண்டதில்லை.

இந்தப் பலகைக்கு நம் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் 1901-02இல் நீலகிரியில் தோதவர் (தோடர்) பழங்குடியினரிடையே தங்கி, அவர்களுடைய பார்வை, செவி, தொடுவுணர்வு ஆகியவற்றைச் சோதித்தார். இந்தக் கோட்டுத் தோற்றத்தில் ஆங்கிலேயர்களைவிடத் தோதவர்கள் குறைவாகவே ஏமாந்தனர் என்று 1905இல் எழுதினார். காரணம் என்ன என்பதில் பிற்காலத்தில் பெரிய விவாதம் எழுந்தது. மூலைகளும் நேர்க்கோடுகளும் நிறைந்த கட்டடங்களுக்குள் வளர்ந்த கண் ஒருவிதமாகவும் அப்படி வளராத கண் வேறுவிதமாகவும் பழகுகிறது என்பது 1960களில் முன்வைக்கப்பட்ட ஒரு விளக்கம். எல்லோரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. உங்கள் புத்தகம் 'மனிதர்கள் இப்படிச் செய்கிறார்கள்' என்று எழுதும் இடத்திலெல்லாம், எந்த மனிதர்கள் என்று ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி போட்டு வையுங்கள். முன்னணி உளவியல் இதழ்கள் சிலவற்றில் வந்த ஆய்வுகளில் கலந்துகொண்டோரில் 96 விழுக்காட்டினர் உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடு மட்டுமே கொண்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று ஜோசப் ஹென்ரிக் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2010இல் சுட்டிக்காட்டினர். அவர்களிலும் பலர் உங்களைப் போலவே கல்லூரியில் உளவியல் படித்துக்கொண்டிருந்தவர்கள் என்பது இந்தத் துறையின் வேடிக்கைகளில் ஒன்று. அதேபோல, 2015இல் வெளியான ஒரு கூட்டு முயற்சியில் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, புள்ளியியல் அளவுகோலின்படி 36 விழுக்காடுதான் தேறின. இதைக் கேட்டுச் சில மாணவர்கள் சோர்ந்துபோகிறார்கள். தன் தவறைத் தானே தேடி எடுத்து அச்சில் ஏற்றுகிற துறையை நான் அதற்காகவே கூடுதலாக நம்புகிறேன்.

இப்போது அந்த 17க்கு வருவோம். மஞ்சள் மார்க்கரை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நான்காம் முறை படிக்கும்போது வரிகள் எல்லாம் பழகிய முகமாகத் தெரியும். பழகிய முகத்தைத் தெரிந்த பாடம் என்று மனம் எடுத்துக்கொள்ளும். தேர்வறையில் புத்தகம் இல்லாதபோது அந்த முகமும் இருக்காது. ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியை இரண்டு முறை படித்த மாணவர்களையும், ஒரு முறை படித்து, பிறகு மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்த மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்கள் 81 விழுக்காடு நினைவுகூர்ந்தார்கள், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது: இரண்டு முறை படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. இன்டர்னல் என்பது ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லை. நம்முடைய திண்ணைப் பள்ளிகளில் ஒப்பிக்கச் சொன்னதற்கும் இதற்கும் உறவு உண்டு. வேறுபாடு என்னவென்றால், நீங்கள் ஒப்பிக்க வேண்டியது வார்த்தையை அல்ல, பொருளை. ஒரு தலைப்பைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடி, வெள்ளைத் தாளில் நினைவுக்கு வந்ததையெல்லாம் தமிழிலேயே எழுதுங்கள். திறந்து பார்த்து, விடுபட்டதைச் சிவப்பு மையால் சேருங்கள். இரண்டு நாள் கழித்து அதே தலைப்பை வேறு தாளில் மறுபடி எழுதுங்கள். சிவப்பு மை குறைவதே உங்களுக்கான மதிப்பெண். முதல் வாரம் இது எரிச்சலாக இருக்கும், ஏனெனில் தெரியாதது எவ்வளவு என்பது தாளில் அப்பட்டமாகத் தெரியும்.

தமிழ்வழியில் வந்தவர்களுக்குக் கலைச்சொற்கள்தான் பெரிய கல் என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், ஆங்கிலவழி மாணவர்களும் அதே கல்லில்தான் தடுக்குகிறார்கள். அவர்களுக்கு அது தெரிவதில்லை என்பதுதான் வேறுபாடு. நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நெகட்டிவ் என்றதும் கெட்டது என்று எண்ணி, அதைத் தண்டனை என்று எழுதி மதிப்பெண் இழக்காத வகுப்பை நான் கண்டதில்லை. வணிகவியல் படித்த உங்களுக்கு இது எளிதாக இருக்க வேண்டும்: பேரேட்டில் பற்று என்றால் கெட்டது, வரவு என்றால் நல்லது என்று நீங்கள் நினைப்பதில்லை அல்லவா? இங்கும் பாசிட்டிவ் என்றால் ஒன்றைச் சேர்ப்பது, நெகட்டிவ் என்றால் ஒன்றை விலக்குவது, அவ்வளவுதான். ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் என்றால் அந்தச் செயல் மீண்டும் நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று பொருள். மளிகைக் கடையில் குழந்தை மிட்டாய் கேட்டு அழுகிறது, அம்மா வாங்கிக்கொடுக்கிறாள், அழுகை நிற்கிறது. குழந்தைக்கு மிட்டாய் சேர்ந்தது, ஆகவே அடுத்த முறையும் அழும்: பாசிட்டிவ். அம்மாவுக்குக் காதைப் பிளந்த சத்தம் விலகியது, ஆகவே அடுத்த முறையும் வாங்கிக்கொடுப்பாள்: நெகட்டிவ். இருவரும் ஒருவரையொருவர் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள், இருவருக்கும் அது தெரியாது. இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் உங்கள் தெருவிலிருந்தே ஒரு எடுத்துக்காட்டைப் பிடித்து வைத்துக்கொண்டால், விடைத்தாளில் கலைச்சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் எழுதினால் போதும். ஆங்கிலவழிப் படிப்பிலும் மாணவர்கள் தாய்மொழியில் தேர்வெழுத அனுமதிக்க வேண்டும் என்று மானியக் குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் கல்லூரியில் அது நடைமுறையில் இருக்கிறதா என்று தேர்வுப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். புள்ளியியலைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். முதலாம் ஆண்டில் வருவது சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு ஆகியவைதான். பிளஸ் டூ கணக்குப் பதிவியலைத் தேறிய கை இதையும் தேறும்.

வேலை பற்றி: பி.எஸ்சி. மட்டும் முடித்தவர் தனியாக ஆலோசனை மையம் வைத்து நோயாளிகளைப் பார்ப்பது சரியல்ல. மருத்துவ உளவியலாளர் என்று பணியாற்ற, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அதற்கு முதுகலைக்குப் பிறகு மருத்துவமனை சார்ந்த இரண்டாண்டு எம்.பில். என்பதே நீண்டகாலமாக இருந்த வழி. இந்தப் படிப்புகளின் அமைப்பு இப்போது மாறிக்கொண்டிருப்பதால், மூன்றாம் ஆண்டில் கவுன்சிலின் இணையதளத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். படித்து, அதன்பின் மனநலத்தில் மேற்படிப்பு முடித்தவர். மருந்து எழுதுபவர் அவர்தான். பள்ளி ஆலோசகர், மனிதவளத் துறை, சமூகப் பணி என்று வேறு வாசல்களும் உண்டு. முதல் செமஸ்டரில் இதற்கு மேல் கவலைப்படத் தேவையில்லை.

கடைசி யூனிட்டைப் படித்ததும் பாதி நோய்கள் தமக்கே இருப்பதாகத் தோன்றுவது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. மருத்துவக் கல்லூரிகளில் இதை மருத்துவ மாணவர் நோய் என்றே கேலியாகச் சொல்வார்கள். அந்தப் பட்டியல்களில் உள்ள கவலை, மறதி, தூக்கமின்மை, கூட்டத்தில் கூச்சம் எல்லாம் மனிதருக்குப் பொதுவானவை. புத்தகம் அவற்றை நோய் என்று அழைப்பது, அவை எவ்வளவு காலம் நீடிக்கின்றன, எவ்வளவு துன்பம் தருகின்றன, வேலையையும் படிப்பையும் உறவையும் எவ்வளவு முடக்குகின்றன என்பதைப் பார்த்த பிறகுதான். மாணவர்கள் அறிகுறிகளைப் படித்துவிட்டு, அவற்றுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் இந்த நிபந்தனைகளைத் தாவிவிடுகிறார்கள். அதற்காக உங்களுக்கு எதுவுமே இல்லை என்று ஒரு கடிதத்தை வைத்து நானும் சொல்ல முடியாது. இரண்டு வாரத்துக்கு மேல் மனம் தொடர்ந்து சோர்ந்திருந்தாலோ, சாப்பாடும் தூக்கமும் கெட்டாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ, புத்தகத்தை மூடிவிட்டு ஒரு மனிதரிடம் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416. கட்டணம் இல்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

அப்பாவுக்கு வருகிறேன். ஓ.சி.டி. என்று சொல்ல, திரும்பத் திரும்ப வரும் எண்ணங்களோ செயல்களோ நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்க வேண்டும், அல்லது பெருந்துன்பம் தரவோ அன்றாட வாழ்வைக் குலைக்கவோ வேண்டும். மூன்று முறை பூட்டை இழுத்துப் பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகும். நீங்கள் எழுதியதில் அதைத் தவிர வேறெதுவும் இல்லை. இதை வைத்து 20 ஆண்டு அனுபவம் உள்ள மருத்துவரும் அப்படி ஒரு பெயர் சூட்ட மாட்டார். நானும் இதைச் செய்தவன்தான். முதலாம் ஆண்டில் எங்கள் விடுதிக் காப்பாளருக்கு ஒரு ஆளுமைக் கோளாறைக் கண்டுபிடித்து அறை அறையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவருடைய மகன் உடல்நலமின்றி மருத்துவமனையில் கிடந்தது பிறகுதான் தெரிந்தது. ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதை அவரிடம் கேட்காமல், புத்தகத்தில் இருந்த ஒரு சொல்லை அவர்மேல் ஒட்டிவிட்டேன். நீங்கள் செய்ததும் அதுவே.

உங்கள் பாடம் இங்கே வேறொரு விதத்தில் உதவும். மேலே சொன்ன மளிகைக் கடை அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். இழுத்துப் பார்த்ததும் 'பூட்டினோமா' என்ற சிறு அச்சம் விலகுகிறது. விலகுவதால் மறுநாளும் இழுக்கிறார். நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் என்பதற்கு உங்கள் வீட்டு வாசலிலேயே ஒரு எடுத்துக்காட்டு நின்றுகொண்டிருந்தது. நோயின் பெயரைத் தேடிய அவசரத்தில் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள். உங்கள் சொல்லுக்குப் பிறகு அவருடைய பழக்கம் நிற்கவில்லை, உங்கள் பார்வையிலிருந்து மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். தறிச் சத்தத்தில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்தவர், மகள் தூங்கும்வரை விழித்துக் காத்திருக்க வேண்டியதாயிற்று. பின்னாளில் இந்தப் பழக்கம் வளர்ந்து, பூட்டைப் பார்க்கவே பாதி வழியிலிருந்து திரும்பி வருவது, வேலைக்குத் தாமதமாவது என்று போனால், அப்போது மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரோடு நீங்களும் போகலாம்; சிகிச்சை உண்டு, பலனும் உண்டு. இப்போது அதற்கான தேவை எதுவும் உங்கள் கடிதத்தில் தெரியவில்லை.

இன்று இரவு பூட்டும் நேரத்துக்கு நீங்களும் வாசலுக்குப் போங்கள். 'அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது தப்புப்பா, பாதி படிச்சுட்டுப் பேசிட்டேன்' என்று சொல்லுங்கள்; அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். எப்போதிலிருந்து இப்படி இழுத்துப் பார்க்கிறீர்கள் என்று, நோட்டில் குறித்துக்கொள்வதற்காக அல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையில் கேளுங்கள். திருட்டுப் போன ஏதோ ஒரு வீட்டின் கதை வரலாம், உங்கள் தாத்தாவின் கதை வரலாம், ஒன்றும் வராமல் 'போய்ப் படு' என்றும் சொல்லலாம். அவர் பூட்டை இழுத்துப் பார்க்கும்போது கூடவே நில்லுங்கள். எத்தனை முறை என்று எண்ண வேண்டாம்.